பூசைக்கு முன் பேசாத ரேடியோ

எல்லிங்ஸ்ருட் புறநகரின் மாடிவீடுகளின் முன்னால் ஞாயிறு காலை வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. றொனால்ட் பனியில் முழங்காலூன்றி, தலையைக் காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே நுழைத்திருக்கிறார். பக்கத்து இருக்கையில் அவர் மனைவி மேரின், மடியில் பாட்டுத்தாள். இன்னும் ஒரு மணித்தியாலத்தில் தேவாலயத்தில் பூசை; முதன்முறையாக அவள் தனியே பாடவேண்டும். பாடிப் பழக மெட்டு உள்ள ஒரே சீடி கார் ரேடியோவுக்குள் இருக்கிறது. ரேடியோவில் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை. “போன கிழமை நீர் காருக்கு மடு மாதா கோயில் தீர்த்தம் தெளிச்சதிலையிருந்து இது வாய் திறக்கிறேல்லை,” என்கிறது கீழேயிருந்து றொனால்டின் குரல். “ஓம், மாதாவிலை பழியைப் போடுங்கோ.” டோர்ச் வெளிச்சம் ஃபியூஸ் பெட்டியில் போய் நிற்கிறது. ரேடியோவுக்கான இடம், பல் விழுந்த ஈறுபோல வெறுமையாக இருக்கிறது. றொனால்டின் தலை மெல்ல வெளியே வருகிறது. “என்னப்பா?” “உம்மட சீற் சூடாகேல்லையெண்டு ரேடியோவின்ர ஃபியூஸைக் கழட்டி அதுக்குப் போட்டனான். மறந்தே போனன்.” மேரின் தன் இருக்கையின் இளஞ்சூட்டை உள்ளங்கையால் ஒருமுறை தடவுகிறாள். “கழட்டுங்கோ.” ஃபியூஸ் இடம் மாறுகிறது. ரேடியோவில் நீல எழுத்துகள் எரிகின்றன, ஓர்கன் இசை எழுகிறது. அதற்குள் அவர் தன் ஜாக்கெட்டைக் கழற்றி, “கொஞ்சம் எழும்பும்,” என்று அவளுக்குக் கீழே விரிக்கிறார். மேரினுக்கு வந்த சிரிப்பில் பாட்டின் முதலடி தவறிப்போகிறது. றொனால்ட் குளிரில் விறைத்த விரலால் பாட்டைத் திரும்பவும் தொடக்கத்திலிருந்து போடுகிறார்.