பெயர் வெளியிட வேண்டாம்

“மேடம், என் பேரை மட்டும் வெளியிட்டுடாதீங்க. உயிருக்கே ஆபத்து!”

கம்பெனிப் பதிவு அலுவலகத்தின் நாலாவது கவுன்டரில் இருந்த பெண் அதிகாரி, எதிரே நின்ற திரைச்சீலை வியாபாரியை ஏற இறங்கப் பார்த்தார். எந்தக் கம்பெனிக்கு யார் முதலாளி என்பதை நாளை முதல் யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம். புதுச் சட்டம். காலையிலிருந்து ஆறேழு பேர் வந்து மூக்கைச் சிந்திவிட்டுப் போயிருந்தார்கள்.

“வரி கட்டலையா?”

“ஐயையோ, பைசா பாக்கியில்லாம கட்டறேன் மேடம்.”

“அப்புறம் யாரு உங்களைக் கொல்லப் போறாங்க?”

வியாபாரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“என் தங்கச்சி.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

“அஞ்சு வருஷம் முன்னாடி, இருந்த வேலையை விட்டுட்டுத் தையல் யூனிட் ஆரம்பிச்சா. ‘ஒரு மாசம் தாங்குமா?’ன்னு நாலு பேர் எதிர்ல நக்கலடிச்சேன். என் நாக்குல சனி! ‘இனிமே உன் நிழல்கூட என் மெஷின் மேல விழக்கூடாது’ன்னுட்டா. அன்னிக்குப் பேச்சை நிறுத்தினவதான்.”

“அதனால?”

“அதனால இந்தக் கம்பெனியைப் பதிவு பண்ணி, அது பேர்ல அவளுக்கு ஆர்டர் அனுப்பறேன். அவ தைக்கறதை ஓட்டல்களுக்கு விக்கறேன். தருமம் இல்ல மேடம், அவ தையல்னா கேட்டு வாங்கறாங்க! பதினாலு பேருக்கு வேலை கொடுத்திருக்கா. நாளைக்கு என் பேரைப் பார்த்தாள்னா, அந்த நிமிஷமே கத்தரிக்கோலைக் கீழே வெச்சிடுவா. அப்படி ஒரு ரோஷக்காரி.”

திட்டுகிற சாக்கில் தங்கையைக் கொண்டாடிக்கொண்டிருந்தார் மனுஷன். அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“பேரை மறைக்கணும்னா தகுந்த காரணம் வேணும். ஃபாரத்துல மிரட்டல், கடத்தல்னு கட்டம் போட்டிருக்கு. ‘தங்கச்சி ரோஷம்’னு கட்டம் இல்லையே சார்.”

“நீங்களே ஒரு கட்டம் போடுங்களேன் மேடம்.”

“நல்லா இருக்கே! நாளைக்கு என்னைத் தூக்கிடுவாங்க.”

இருந்தாலும் மனசு கேட்காமல் கம்பெனியின் பெயரைத் தட்டிப் பார்த்தார். புருவம் உயர்ந்தது.

“மறைக்கச் சொல்லி ஏற்கெனவே ஒரு மனு வந்திருக்கே?”

“நான் கொடுக்கலையே!”

“வேற யாரோ கொடுத்திருக்காங்க. யாரு மனு கொடுத்தாலும் முதலாளிகிட்ட காட்டியாகணும். அதுவும் இந்தப் புதுச் சட்டம்தான்.”

கம்ப்யூட்டர் திரை வியாபாரி பக்கம் திரும்பியது. தெரிந்த கையெழுத்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

‘மதிப்பிற்குரிய அதிகாரிக்கு, இந்தக் கம்பெனியின் முதலாளி என் அண்ணன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அறிந்தால் பாவம், கூச்சத்தில் குறுகிப்போவார். தயவுசெய்து அவர் பெயரை வெளியிட வேண்டாம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், முதல் ஆர்டரிலேயே தெரியும்: எந்த ஊர்க் கம்பெனி கடிதத்தின் அடியில் “அவசரமில்லை, வேளைக்குச் சாப்பிட்டுவிட்டுத் தைக்கவும்” என்று எழுதும்?’