படகு விலைக்கு ஒரு கார்டு

"கடையிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டு எதுவோ, அதை எடும்மா. விலையெல்லாம் படிச்சுக் காட்டாதே."

கிளென் தன் வீட்டு சிபியூவை மேஜைமேல் தொப்பென்று வைத்தார்.

கம்ப்யூட்டர் கடை முதலாளி ஸ்டாவ்ரோஸுக்கு வாயெல்லாம் பல். ஐயாயிரம் டாலர் கார்டு அது. மூன்று மாதமாகக் கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. டவுன்ஸ்வில் ஊரில் பாதிப் பேர் வந்து பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போனார்களே தவிர, எடு என்று சொன்னது இந்த மனிதர்தான்.

"என்ன கேம் ஆடறீங்கண்ணே?" என்றாள் விற்பனைப் பெண் பிரியோனி.

"நான் எங்க ஆடறேன்? எம் பொண்ணு டாலியாவுக்கு. மத்த நாளெல்லாம் அவ அம்மா வீட்டுல. சனி ஞாயிறுதான் என்கிட்ட. அதுக்காகவே பார்ட் பார்ட்டா வாங்கி, இந்த மெஷினை என் கையாலேயே அசெம்பிள் பண்ணினேன். பதினெட்டு வருஷமா லாரி இன்ஜினைப் பிரிச்சு மாட்டறவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி."

"அப்புறம் என்ன குறை?"

"ரேஸ் கார் கரும்பு ஏத்தின டிராக்டர் மாதிரி போகுது. படம் விட்டு விட்டு வருது. கார்டுக்குத் தெம்பு பத்தலை. பார்த்ததுமே கண்டுபிடிச்சுட்டேன்."

வாசல் பக்கம் நின்றிருந்த பதினான்கு வயது டாலியா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பாப்பா கொடுத்துவச்சவ!" என்றார் ஸ்டாவ்ரோஸ்.

"அவளுக்காகப் படகையே விக்கறேன் சார். ஞாயித்துக்கிழமை ஆனா ரெண்டு பேரும் அதுலதான் மீன் பிடிக்கப் போவோம். போனாப் போகுது. கேம் நல்லா ஓடினா, எங்க வீட்டுக்கு ஆசையா வருவா இல்லே?" கிளென் குரலைத் தணித்துச் சொல்லிவிட்டு, உடனே பழைய கம்பீரத்துக்குத் திரும்பினார். "கார்டு இந்தப் பெட்டிக்குள்ள பொருந்துதான்னு மட்டும் பாரும்மா. பொருந்தும்னா, படகு கேட்டவருக்கு இப்பவே சரின்னு போன் போட்டுடுவேன்."

"எனக்கு இந்தக் கார்டு வேணாம்னு சொன்னேன்ல?" வெடுக்கென்று சொன்னாள் டாலியா.

அப்பன் படகை விற்கிறான், இது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறதே! ஸ்டாவ்ரோஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன பிள்ளைகளோ, எல்லாம் கொழுப்பு.

பிரியோனி டேப் வைத்து அளந்தாள். முழங்கை நீளக் கார்டு. ஆனால் பொருந்தும்.

"பொருந்துது, இல்லே?" என்றபடி கிளென் போனை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்ணே. பழைய கார்டையும் ஒரு தடவை சோதிச்சுடறேன்."

அவள் பாட்டுக்கு சிபியூவைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். வாங்குகிறேன் என்கிற ஆளை நிறுத்தி வைத்துவிட்டு யாராவது சோதனை செய்வார்களா? ஸ்டாவ்ரோஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துச் சமாளித்தார்.

பத்து நிமிடத்தில் வந்தாள். கடை மானிட்டரில் இணைத்து கேமைப் போட்டாள். ரேஸ் கார் பிய்த்துக்கொண்டு பறந்தது. ஒரு இடத்தில்கூடத் தடங்கல் இல்லை.

"அட! என்னம்மா பண்ணினே?"

"உங்க வேலையில ஒரு குறையும் இல்லைண்ணே. பின்னாடி மானிட்டர் கேபிள் சொருக ரெண்டு இடம் இருக்கு பாருங்க. மேல இருக்கறது தயாரிப்பிலேயே பழுது. அதை டேப் ஒட்டி மூடிட்டேன். இனிமே கீழ, கார்டுல இருக்கறதுலயே சொருகுங்க. இந்தக் கார்டே இன்னும் நாலு வருஷம் ஓடும்."

கிளென் நெஞ்சை நிமிர்த்தினார். "நான் அப்பவே நினைச்சேன், கம்பெனிக்காரன் கோளாறாத்தான் இருக்கும்னு! நான் மாட்டினதுல தப்பு வருமா?"

அங்கேயே போனைப் போட்டு, "படகு விக்கறதா இல்லைங்க" என்றார். சிபியூவைத் தோளில் ஏற்றிக்கொண்டு விசிலடித்தபடி வெளியேறினார். டாலியா ஒரு நன்றிகூடச் சொல்லாமல் பின்னால் போனாள்.

கதவு சாத்தியதுதான் தாமதம், ஸ்டாவ்ரோஸ் வெடித்தார்.

"ஏம்மா, அந்த மேல் இடம் நிஜமாவே பழுதா?"

"இல்லை சார். நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல சொருகினா, படம் கார்டு வழியா வராது. கார்டு சும்மா உக்காந்திருக்கும். ஒரு வருஷமா அதுலதான் சொருகியிருக்காரு."

"வாயை மூடிட்டு வித்திருந்தா ஐயாயிரம் டாலர்!"

"வித்திருக்கலாம் சார். வீட்டுக்குப் போய் மறுபடியும் மேலதான் சொருகுவாரு. படகும் போயிருக்கும், கேமும் ஓடாது."

ஸ்டாவ்ரோஸ் கார்டை மறுபடி கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஆனால் கோபம் இன்னும் மிச்சம் இருந்தது.

"சரி, தப்பு பண்ணிட்டீங்கன்னு நேரா சொல்லித் தொலையறதுதானே? இந்த டேப், பழுதுன்னு ஒரு பொய்... இந்த நாடகம் எல்லாம் எதுக்கு? யார் கொடுத்த யோசனை?"

பிரியோனி கடைக் கம்ப்யூட்டரின் திரையை அவர் பக்கம் திருப்பினாள். கடையின் இணையப் பக்கத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்திருந்த செய்தி அது.

'நாளைக்கு எங்கப்பா கிளென் பெரிய கார்டு வாங்க வருவார். கேபிளை மாத்திச் சொருகி வச்சிருக்கார். நான் சரி பண்ணினா அவருக்குத் தெரிஞ்சிடும். நானே அசெம்பிள் பண்ணினேன்னு ஒர்க்‌ஷாப் பூரா பெருமையா சொல்லி வச்சிருக்கார். தப்பு அவர் மேலன்னு தெரியாம நீங்க சரி பண்ணிக் கொடுங்க, ப்ளீஸ். நான் சொன்னதா காட்டிக்காதீங்க. கேம் ஓடாட்டியும் நான் அவர் வீட்டுக்கு ஆசையாத்தான் வர்றேன். அது ஒண்ணுதான் அவருக்குத் தெரியலை. — டாலியா.'