கிடார்க் கிறுக்கன்

"கண்ணை மூடுங்க! அக்கா, மூடியாச்சா? மாமா, விரல் இடுக்கு வழியா எட்டிப் பார்க்கக் கூடாது!"

பூட்டிய அறைக்கு முன்னால் நின்று, குதிக்காத குறையாகச் சொன்னான் தம்பி. ஊரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பெரிய மனுஷன். அந்த அறைப் பக்கம் வந்தால் மட்டும் பத்து வயசுப் பையன்.

அக்கா கண்ணை மூடவில்லை. அவள் வந்ததும் விருந்துக்கு அல்ல. "அந்தக் கிடாரையெல்லாம் விக்க வெச்சுட்டுத்தான் நீ திரும்பி வரணும்" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். சொந்தக்காரர்கள் மத்தியில் அவனுக்குப் பெயரே கிடார்க் கிறுக்கன் என்றாகிவிட்டது.

கதவைத் திறந்து சுவிட்சைத் தட்டினான்.

சுவர் முழுக்க எலெக்ட்ரிக் கிடார்கள். சிவப்பு, நீலம், பால் வெள்ளை, முட்டை மஞ்சள். ஒவ்வொன்றுக்கும் மேலே தனித்தனி விளக்கு வேறு.

"நகைக்கடைக்குள்ள வந்த மாதிரி இருக்குடா!" என்றார் அக்காவின் கணவர். கல்லூரி நாட்களில் கிடார் வாசித்தவர். வாயைப் பிளந்தவர் மூடவில்லை.

"அதெல்லாம் பழசு மாமா. இந்தக் கறுப்பழகியைப் பாருங்க! நேத்துத்தான் வந்தா. கழுத்தைத் தடவிப் பாருங்க, என்ன வழவழப்பு! இந்தக் குமிழைத் திருகினா சத்தம் அப்படியே கூடும்..."

"அது டோன் குமிழ். சத்தத்தைக் கூட்ட மேல இருக்கிறதைத் திருகணும்," என்றாள் பின்னால் நின்ற அவன் மனைவி, மெதுவாக.

"பார்த்தீங்களா, என்கூட இருந்து இருந்து இவளுக்கும் கொஞ்சம் வந்துடுச்சு!"

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "சரி, ஒரு பாட்டு வாசி, கேட்போம்."

"வாசிக்கிறதா? எனக்கு அதெல்லாம் வராதுக்கா. நான் சேர்க்கிறவன்."

கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் சொன்னான்.

அதற்குள் மாமா கறுப்பழகியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். வைத்தவர் முழித்தார்.

"டேய், இது என்னடா தலைகீழா இருக்கு? தடிச்ச கம்பி கீழ வருது!"

அதைச் சுவரில் மாட்டிவிட்டு அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எல்லாமே இடது கைக்காரங்க வாசிக்கிறதுடா! நீ வலது கைக்காரன்!"

தம்பி முகத்தில் அசடு வழிந்தது. "அப்படியா மாமா? பார்க்க வித்தியாசமா இருந்துச்சு... வாங்கிட்டேன்."

"நல்லா வாங்கினே போ!" என்று வெடித்தாள் அக்கா. "இடது எது, வலது எதுன்னுகூடப் பார்க்காம ஒரு ரூம் நிறைய வாங்கித் தொங்கவிட்டிருக்கே. இந்த வாரமே எல்லாத்தையும் வித்தாகணும்."

"அக்கா, வேற எது வேணும்னாலும் சொல்லுங்க, செய்யறேன். இது மட்டும் வேண்டாம்."

முதல்முறையாக அவன் குரல் இறங்கியது. அக்கா இறங்கவில்லை. தம்பி மனைவியின் வலது கையைப் பிடித்து இழுத்து விளக்குக்கு நேராகக் காட்டினாள்.

"இதைப் பாருடா! வேலைக்குப் போற லேப்லயும் உழைச்சு, வீட்டுலயும் உழைச்சு, இந்தப் பொண்ணுக்கு விரலெல்லாம் காய்ச்சுப் போயிருக்கு. நீ கிடாருக்கு லைட்டு போட்டு அழகு பார்க்கிறே!"

மாமா குனிந்து பார்த்தார். உள்ளங்கை பூப்போல இருந்தது. நான்கு விரல் நுனிகள் மட்டும்தான் காய்த்திருந்தன. அந்தக் காலத்தில் அவருடைய இடது கையிலும் அதே இடத்தில் அதே காய்ப்பு இருந்தது. அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

கறுப்பழகியை எடுத்து அவளிடம் நீட்டினார். "இந்தாம்மா. நீ வாசி."

"மாமா!" என்று பதறினான் தம்பி.

அவள் கணவனைப் பார்த்தாள். பிறகு வாரைத் தோளில் மாட்டி, மூலையில் இருந்த ஆம்ப்ளிஃபயரில் ஒயரைச் செருகினாள். வலது கை தேடாமல் கிடாரின் கழுத்துக்குப் போனது. இடது கை கம்பிகளில் இறங்கியது.

அடுத்த நொடி அறையே அதிர்ந்தது! ஜன்னல் கண்ணாடி கூடச் சேர்ந்து தாளம் போட்டது. விரல்கள் ஓடுகிற ஓட்டத்தில் எது எந்த விரல் என்றே தெரியவில்லை. மாமா "ஆஹா! ஆஹா!" என்று கத்திக்கொண்டிருந்தார். அக்கா கோபமாகத்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கால் அவளைக் கேட்காமலே ஆட ஆரம்பித்தது.

வாசித்து முடித்தவள் தலை குனிந்து நின்றாள்.

"ஏன்டா இதை மறைச்சே?" என்றாள் அக்கா. "இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் கிறுக்கன் பட்டம் வாங்கிக்கிட்டு..."

"எனக்குக் கிறுக்குன்னா நீங்க எல்லாரும் சிரிப்பீங்க, அவ்வளவுதான். இவளுக்கு ஆசைன்னா கூடி உட்கார்ந்து இவளைக் குறை பேசுவீங்கக்கா."



அந்த நேரம் பார்த்து அம்மா போனில் வந்தாள். "என்னடி, விக்க ஒத்துக்கிட்டானா?"

"அம்மா, அது எதுவும் அவனோடது இல்ல. எல்லாம் உன் மருமகளோடது."

"அவளுக்கு எதுக்குடி கிடாரு?" என்று கேட்டாள் அம்மா.

காலையில் யாராவது சொல்லியிருந்தால் அக்காவும் இதையேதான் கேட்டிருப்பாள்.

"வாசிக்கத்தாம்மா!" என்றாள் அக்கா.