எருமைக்கு ஒரு பக்கம்

மாட்டு டாக்டர் தன் அனுபவங்களைப் புத்தகமாகப் போட்டிருந்தார். தொழுவத்துக்காரர் பால் கறந்ததும் அதைச் சத்தமாகப் படித்துச் சிரிப்பார். டாக்டரை எருக்குழியில் உதைத்துத் தள்ளிய எருமைக்கு அதில் ஒரு முழுப் பக்கம். எருமைக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளாட்டுக்கு வயிறு எரிந்தது. பிறந்ததிலிருந்து ஒரு தும்மல்கூட வராத ஆடு, டாக்டர் புத்தகத்தில் எப்படி வரும்?

அடுத்த முறை டாக்டர் வந்தபோது, ஆடு நாலு காலையும் விறைத்து, நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. டாக்டர் ஊசியை எடுத்தார். அவ்வளவுதான், ஆடு ஒரே தாவாக வேலியைத் தாண்டி ஓடியது.

"இதை எழுதினா எவன் நம்புவான்?" என்று டாக்டர் சிரித்தபடியே கிளம்பிவிட்டார்.

மறுநாள் தொழுவத்துக்காரர் புத்தகத்தைப் புரட்டினார். எருமையின் பக்கத்தை மட்டும் காணோம்.

"நீ பார்த்தியா?" என்று எருமை பதறியது.

"என்னமா எழுதியிருக்காரு மனுசன்!" என்றது ஆடு, மென்றுகொண்டே.