எதிர் வசனம்

அண்ணன் குரல் உடைந்து அழ வேண்டிய இடம் அது. ராய்ஸ் அதை வானிலை அறிக்கை வாசிப்பது போல வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினான்.

எதிரே தம்பியாக நடித்துக்கொண்டிருந்த கெல்வின் தடுமாறினான். தடுமாறட்டும் என்றுதான் ராய்ஸ் அப்படி வாசித்தான்.

நடிகர் தேர்வுக்கு வீட்டிலேயே நடித்துப் படம் பிடித்து அனுப்புவது ஹாலிவுட்டில் வழக்கமாகிவிட்டது. நடிப்பவனை மட்டும் கேமரா பார்க்கும். எதிர் வசனத்தை நண்பன் எவனாவது கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பான். அவன் ஒழுங்காக எடுத்துக்கொடுக்காவிட்டால் நடிப்பவன் பாடு திண்டாட்டம்தான்.

இருவரும் பல வருடம் ஒரே தொலைக்காட்சித் தொடரில் போலீஸ் ஜோடியாக வந்தவர்கள். தொடர் முடிந்ததும் கெல்வினுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக வாய்ப்பு வந்தது. ராய்ஸை யாரும் சீண்டவில்லை. சினிமாத் தேர்வு என்றாலே கேமரா முன்னால் மரம் மாதிரி விறைத்துப்போவான் என்று பேராகிவிட்டது.

அன்று கையில் இருந்த காட்சி ஒரு நாவலிலிருந்து எடுத்தது; மிசௌரி ஆற்றில் படகு ஓட்டும் அண்ணன் தம்பியின் கதை. படப்பிடிப்பு இடைவேளைகளில் அட்டை கிழியும்வரை அதைப் படித்தவன் ராய்ஸ். கெல்வின் திறந்துகூடப் பார்த்ததில்லை. இப்போது அது படமாகிறது, கூப்பிட்டதோ கெல்வினை. ராய்ஸுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"கண்ணு கூசுதாடா?" என்றான் கெல்வின்.

"கொஞ்சம். நீ ஏன் ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காந்திருக்கே? மூஞ்சியே தெரியாதே."

"எனக்கு இதுதான் வசதி. நீ படி."

இத்தனை வருடம் நடித்தும் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லையே என்று ராய்ஸ் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். நடுவே ஸ்டாண்டில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்த செல்போனின் திரை கெல்வின் பக்கம் திரும்பியிருந்தது. தன் அழகைத் தானே பார்த்துக்கொண்டு நடிக்கிறான் போலும். ராய்ஸ் அடுத்த வசனத்தையும் கொட்டாவி விடாத குறையாக வாசித்து முடித்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. ராய்ஸின் மனைவி விட்டுப்போன சமயத்தில் மாதக்கணக்கில் அவனைத் தன் வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டவன் கெல்வின். அவனுக்கா இப்படிச் செய்தோம் என்று நினைக்க நினைக்க ராய்ஸுக்குத் தன் முகத்தையே கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

இரண்டு வாரம் தாக்குப்பிடித்தான். அதற்குமேல் முடியாமல், இருவரும் வழக்கமாகக் காலையில் சாப்பிடும் பர்பேங்க் உணவகத்தில், பான்கேக் ஆறிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டான்.

"நான் வேணும்னேதான் சொதப்பினேன் கெல்வின். பொறாமைல. உனக்கு அந்த வேஷம் கிடைக்கலேன்னா அதுக்கு நான்தான் காரணம்."

கெல்வின் முள்கரண்டியைக் கீழே வைத்தான். பதில் காலையிலேயே வந்துவிட்டது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றான். அவன் குரலில் கோபமே இல்லை. ராய்ஸால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"திட்டிடுடா. ரெண்டு அறையாவது விட்டுட்டுப் போ."

"தம்பி வேஷம் எனக்குப் போன மாசமே முடிவாயிடுச்சு," என்றான் கெல்வின், காபிக் கோப்பையைப் பார்த்தபடி. "அண்ணனுக்குத்தான் ஆள் தேடிட்டிருந்தாங்க. முன்னாடியே சொன்னா நீ விறைச்சுப்பேன்னு சொல்லல."

"அப்போ அன்னிக்கு எடுத்தது?" என்றான் ராய்ஸ்.

"அன்னிக்கு கேமரா உன்னைத்தான்டா பாத்துட்டிருந்துச்சு."