வலது கால் மடிப்பு

மெல்பேர்னுக்கு வெளியே, மலைச் சைக்கிள் பாதை தொடங்கும் காட்டுச் சரிவின் உச்சியில் காலை வெயில் யூகலிப்டஸ் இலைகளுக்குள் நடுங்குகிறது. அருந்தவனுக்கு நிலைகொள்ளவில்லை, உடம்போடு ஒட்டிய புதுச் சைக்கிள் உடையை வயிற்றில் இழுத்து விடுகிறார், ஹெல்மெட் வாரை அவிழ்த்துத் திரும்பப் பூட்டுகிறார். அவர் கூட்டி வந்த லதீஸ், கோழித் தொழிற்சாலைக்குப் போடுகிற கனத்த பூட்ஸும் கட்டம் போட்ட சட்டையும் ஜீன்ஸுமாக, அதன் வலது கால் துணியை மட்டும் முழங்கால்வரை மடித்துவிட்டு நிற்கிறான். "டேய், அதை இறக்கிவிடு. எல்லாரும் பாக்கினம்." "செயினுக்க மாட்டுப்படும் அண்ணை." பின்னால் வந்து நிற்கும் நரைத்த தலை வெள்ளைக்காரப் பெண் அந்தக் காலைப் பார்த்து முகம் மலர்கிறாள். மவுண்டன் பைக் தொடங்கின காலத்தில் தாங்களும் இப்படித்தான், ஜீன்ஸும் வேலைப் பூட்ஸுமாக இறங்கியதாக ஆங்கிலத்தில் சொல்கிறாள். அருந்தவனின் உடையை அவள் கவனிக்கவேயில்லை. லதீஸுக்குப் பாதிதான் விளங்குகிறது. "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிவிட்டுப் பிரேக்கை விடுகிறான். புழுதி கிளம்புகிறது, செயினின் கடகடப்பு வளைவில் மறைகிறது. அடுத்தது அருந்தவன். பெடலில் கால் வைக்கும் முன், யாழ்ப்பாணத்து ரோட்டுகளில் பழகிய அவருடைய கை தானாகக் கீழே போய் வலது காலைத் தடவுகிறது. மடிக்க அங்கே துணி இல்லை.