ஊசிக்குப் பயந்த மச்சான்

"ஐயோ, வேணாம் அத்தான்! வாங்க, வீட்டுக்கே போயிடலாம்!"

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சட்டைக் கையை மடிக்கக்கூட விடாமல் அலறினார் மச்சான். வயசு ஐம்பத்திரண்டு. ஆள் பீரோ மாதிரி.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு மானம் போனது. பிரேக் எது, ஆக்சிலேட்டர் எது என்று தெரியாதவர்கள் பக்கத்திலேயே இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து, உயிரோடு வீடு திரும்பியவர் அவர். அவருடைய மனைவியின் தம்பி இப்படியா?

"தம்பி புராஸ்டேட் டெஸ்ட் எடுக்கணுமாம். தனியாப் போகப் பயப்படறான். துணைக்குப் போயிட்டு வாங்க" என்று காலையில் மனைவி சொன்னபோதே சிரித்தார்.

அதே டெஸ்ட்டுக்கு அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு இரண்டு வருஷமாக அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது. அவருடைய அண்ணனுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். தெரிந்தபோது எலும்புவரை போயிருந்தது.

"கூடப்பிறந்தவங்களுக்கு வர வாய்ப்பு அதிகமாம்" என்பாள்.

"எனக்கு ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுது. உனக்கென்ன?" என்று பேப்பரை விரித்துவிடுவார்.

நர்ஸ் பொறுமை இழந்தாள். "சார், ஒரே ஒரு ஊசிதான்."

"அத்தான், நீங்க முதல்ல குத்திக்குங்க. வலிக்கலைன்னா நான் குத்திக்கறேன்."

"எனக்கு எதுக்குடா?"

"பார்த்தீங்களா, உங்களுக்கும் பயம்!"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு சின்னப் பெண் வாய் பொத்திச் சிரித்தது.

"யாருக்குப் பயம்? எடுங்கம்மா! ரெண்டு கையிலயும் எடுங்க!"

மாஸ்டருக்கும் அதே டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். மச்சானும் கண்ணை இறுக்கிக்கொண்டு, "அம்மா" என்று கூப்பாடு போட்டுக் கொடுத்தார். மூன்று நாள், கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கெல்லாம் மாஸ்டர் அதை நடித்துக் காட்டினார்.

நான்காம் நாள் ரிப்போர்ட் வந்தது. மச்சானுக்கு ஒன்றுமில்லை. மாஸ்டருக்கு, அந்த டெஸ்ட்டில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு எகிறியிருந்தது.

மறுபடி ரத்தம். ஸ்கேன். சதை எடுத்துச் சோதனை. முடிவு வந்த அன்று மாஸ்டருக்குக் கியர் மாற்றக் கை வரவில்லை.

"புற்றுநோய்தான்" என்றார் டாக்டர். "ஆனா புராஸ்டேட் சுரப்பியைத் தாண்டி வெளியே போகலை. ஆபரேஷன்ல எடுத்துடலாம்."

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே டாக்டர்?"

"ஆரம்பத்துல பெரும்பாலும் இருக்காது. தொந்தரவு வரட்டும்னு காத்திருந்தா லேட்டாயிடும். நல்ல நேரத்துல வந்தீங்க."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிஸ்சார்ஜ் அன்று மச்சான் தோளைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் மெல்ல நடந்தார். தெம்பு வந்ததும் வாயும் வந்துவிட்டது.

"டேய், உன் பயத்தால நான் பொழைச்சேன். அதுக்காக இப்படியா நடுங்கறது? ஆம்பளையாடா நீ?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது ஆஸ்பத்திரி ரத்த வங்கிக் கதவைத் திறந்துகொண்டு வந்த ஊழியர் அம்மாள், மச்சானைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

"என்ன சார், மறுபடியும் வந்துட்டீங்க? போன மாசம்தானே ரத்தம் குடுத்தீங்க! மூணு மாசம் ஆகணும்னு, நாற்பத்திரண்டு தடவை குடுத்த உங்களுக்கு நான் சொல்லணுமா?"